அயர்லாந்தில் வீக்எண்ட் டூர்: பெல்ஃபாஸ்ட் போக தனி விசா வேணுமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் இருந்து டப்ளினுக்குப் படிக்கப் போறீங்களா? அயர்லாந்து ஒரே தீவுதான். ஆனால் அதில் இரண்டு நாடுகளின் நிலம் இருக்கிறது.

எங்கே தாராளமா போகலாம்?

டார்ட் ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் ஹோத் கடற்கரை. 214 மீட்டர் உயர மோஹர் பாறைகள், கால்வே நகரம். எல்லாமே அயர்லாந்து குடியரசுக்குள்தான்.

எங்கே சிக்கல்?

பெல்ஃபாஸ்ட், சுமார் 40,000 கல்தூண்கள் கொண்ட ஜெயன்ட்ஸ் காஸ்வே ஆகியவை வடக்கு அயர்லாந்தில் உள்ளன. அது பிரிட்டனின் பகுதி. அங்கே செல்ல இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா கட்டாயம். அயர்லாந்து மாணவர் விசா செல்லாது.

'பார்டர்ல செக்கிங்கே இல்லையே?'

நிரந்தர சோதனைச் சாவடி இல்லை. ஆனால் பஸ்களில் திடீர் சோதனை நடப்பதுண்டு. சிக்கினால் அடுத்த விசாவே கேள்விக்குறியாகலாம். டூர் டிக்கெட் போடும் முன் மேப்பைப் பாருங்க!