கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதம்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில், பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். கோழி வளர்ப்புக்கான உதவி பற்றிக் கதைப்பதற்காகவே அந்த வீட்டுப் படலையைத் திறந்தேன். உள்ளே தாயும் மகளும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள். தரம் 10இல் படிக்கும் மகளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. தாய் அடுப்படியில் விறகு முறித்துக்கொண்டிருந்தார். கதிரையின் மேல் பாடசாலையிலிருந்து வந்த ஒரு கடிதம் கிடந்தது.

16 வயதுக்குட்பட்ட பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்கான தெரிவு மூன்று வாரங்களில் நடைபெறும், அதுவரை பாடசாலை முடிந்தபின் பயிற்சி இருக்கும், விரும்பும் பிள்ளைகள் பெற்றோரின் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"படிப்புக்கெண்டால் கடன்பட்டும் அனுப்புவன் மிஸ். உந்தப் பந்தடிக்கு ஏன் பொழுதுபடுமட்டும் நிக்கவேணும்? ஊர் என்ன கதைக்கும்?" என்றார் தாய்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. கோழிக்கூட்டின் அளவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் போனேன். மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். அப்போதுதான் அந்த அக்கா மனம் திறந்து கதைத்தார். (அவரதும் மகளினதும் சம்மதத்துடன், பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இதை எழுதுகிறேன்.)

2008ஆம் ஆண்டு கார்த்திகையில், இடம்பெயர்ந்து தருமபுரத்தில் இருந்தபோது பிறந்தவள் இந்த மகள். அவள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது விழுந்த எறிகணையில் தகப்பன் அந்த இடத்திலேயே இறந்துபோனார். தாயின் வலது தோளில் ஏறிய துண்டு இன்னமும் உள்ளேயே இருக்கிறது. அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்த அவரால் முடியாது. ஆனால் கடிதத்தில் கையெழுத்திட அவர் மறுத்ததற்குக் காரணம் வேறு.

"என்ர தங்கச்சி 2007இல ஒரு நாள் காலமை வெளிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். பின்னேரம் வரேல்லை. இண்டைக்கு வரைக்கும் வரேல்லை. இவள் அரை மணித்தியாலம் பிந்தினாலும் எனக்கு நெஞ்சடைக்குது மிஸ்."

அதைக் கேட்டபோது எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வந்தது. 2005ஆம் ஆண்டு நானும் பாடசாலை வலைப்பந்தாட்ட அணித் தெரிவுக்காக இப்படியொரு கடிதம் கொண்டுபோனேன். அம்மா அதை மடித்து அடுப்பில் வைத்துவிட்டார். பல நாட்கள் அவரோடு நான் கதைக்கவில்லை. பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, பெண் பிள்ளைகளை வீட்டுக்குள் பழக்கும் சமூகமயமாக்கல் பற்றி நிறைய வாசித்தேன். எங்கள் தாய்மார் "வேண்டாம்" என்று சொல்லும்போது அதற்குள் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகே விளங்கிக்கொண்டேன்.

பயப்படாதீர்கள் என்று அந்த அக்காவுக்கு நான் சொல்லவில்லை. பயந்ததற்கு அவரிடம் காரணம் இருந்தது. "வாங்கோ அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டுப் பார்ப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பாடசாலை வாசலில் நின்று, என்ன கேட்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? பிள்ளைகள் நிற்கும்வரை ஆசிரியை ஒருவர் கூட நிற்பாரா? உடை மாற்றவும் மலசலகூடத்துக்குப் போகவும் பூட்டக்கூடிய இடம் உண்டா? திரும்பும்போது ஒரே பாதையில் வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? வெளியிடத்துப் போட்டிக்குப் போனால் யார் பொறுப்பு, எந்த வாகனம்? பிந்தினால் எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுப்பது?

உடற்கல்வி ஆசிரியர் கோபிக்கவில்லை. பயிற்சியை ஐந்து மணிக்கு முடிப்பதாகவும், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை ஒருவர் நிற்பார் என்றும் சொன்னார். அதே ஒழுங்கையால் வரும் மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதித் தந்தார். அவர்கள் நால்வரும் சைக்கிளில் ஒன்றாக வருவது என்று முடிவாயிற்று. அக்கா அந்த இடத்திலேயே இடது கையால் கையெழுத்திட்டார்.

இப்படிக் கேட்பது ஆசிரியரைச் சந்தேகிப்பது ஆகாது. பிள்ளையை ஒப்படைக்கும் தாய்க்கு அது உரிமை. மகளிடமும் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். பயிற்சி என்ற பெயரில் யாராவது தகாத முறையில் தொட்டாலோ கதைத்தாலோ, அணியில் இடம் போய்விடும் என்று பயந்து மறைக்கக் கூடாது, வீட்டில் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்து முறையிடலாம்.

இது பெண் பிள்ளைகளுக்குரிய விளையாட்டா?

திரும்பி வரும் வழியில் அக்கா இப்படிக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கரப்பந்தாட்டம் 1895இல் அமெரிக்காவில் உருவானது. 1916இல் கொழும்பு வை.எம்.சீ.ஏ. மூலம் இலங்கைக்கு வந்தது. 1991இல் எமது நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முதலாக இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டபோது, பெண்கள் பிரிவில் ஜப்பான் தங்கப் பதக்கம் வென்றது. அந்த அணியில் பெரும்பாலானோர் ஒரே நூற்பாலையில் வேலை செய்த பெண்கள். வேலை முடிந்த பின்னரே பயிற்சி செய்தவர்கள். எமது பக்கத்திலும், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடினார்.

"அவை உயரமான ஆக்கள். இவள் வகுப்பு வரிசையில முன்னுக்கு நிக்கிறவள்" என்றார் அக்கா.

அதற்கும் பதில் இருந்தது. பந்தை அறைவதற்கும் வலையில் தடுப்பதற்கும் உயரம் உதவும். ஆனால் 1998 முதல் சர்வதேச விதிகளில் லிபரோ என்ற இடம் ஒன்று உண்டு. வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் நிற்பவர் அவர். எதிரணி அடிக்கும் பந்தை நிலத்தில் விழாமல் எடுப்பதே அவருடைய வேலை. அதற்கு உயரத்தை விட, தாழ்ந்து நிற்கும் பழக்கமும் வேகமான காலும்தான் தேவை.

முற்றத்தில் மூன்று வாரம்

ஆசிரியர் பழைய பந்து ஒன்றைத் தந்திருந்தார். வளர்ந்த பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீற்றர், அதாவது 7 அடி 4 அங்குலம். அந்த உயரத்தில் வேப்பமரத்துக்கும் கிணற்றடித் தென்னைக்கும் இடையே உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கட்டினார்கள். ஆடுகளத்தின் பின்கோட்டிலிருந்து வலைக்கு 9 மீற்றர். பந்தைப் பணிக்கும் இடம் அது. காலடியால் அளந்து அங்கே ஒரு கோடு கீறினாள் மகள்.

பந்தை எறிந்து கொடுக்க ஆள் வேண்டும். தாய் இடது கையால் எறிந்தார். முதல் நாள் பந்து கோழிக்கூட்டுக்குள் போனது. இரண்டாம் நாளிலிருந்து ஓரளவு நேராக வந்தது. மகள் முழங்காலை மடித்து, இரண்டு முன்னங்கைகளையும் சேர்த்து நீட்டி, பந்தை எடுத்து மேலே விட்டாள். முதல் வாரம் நாளுக்கு 30 பந்து, பிறகு 50. ஆள் இல்லாத நேரம் சுவரில் அடித்து எடுத்தாள். பாய்ந்து இறங்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல் மடித்து இறங்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். முழங்கால் நோவைத் தவிர்க்க இது மிக முக்கியம். தொடங்குமுன் பத்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குவதும் அப்படித்தான்.

சாப்பாடு பற்றி அக்கா கவலைப்பட்டார். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு முட்டையும் மீனும் வாங்குவது எல்லா வீட்டிலும் கஷ்டம். அவித்த பயறு அல்லது கௌபி, முருங்கையிலை, நெத்தலி, ஒரு பிடி கச்சான் என்று வீட்டால் இயன்றதைத் திட்டமிட்டோம். பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாமல், தண்ணீர்ப் போத்தலோடு போக வேண்டும். மாதவிடாய் நாட்களில் விளையாடக் கூடாது என்பது தவறான எண்ணம். நோவு கடுமையாக இருந்தால் ஓய்வெடுக்கலாம், இல்லையென்றால் விளையாடுவதில் தீங்கில்லை. மாற்றுவதற்கு ஒரு துவாயும் உள்ளாடையும் பையில் இருந்தால் போதும். காற்சட்டைக்குப் பதிலாக முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான உடுப்போடு விளையாடலாம் என்று ஆசிரியை சொன்னபோது, தாயின் இன்னொரு கவலையும் தீர்ந்தது.

தெரிவு நாள்

தெரிவுக்கு 26 பிள்ளைகள் வந்திருந்தார்கள். எடுத்தது 12 பேரை. இவளின் பெயர் அதில் இல்லை. பந்தை நன்றாக எடுத்தாள், ஆனால் பணித்த ஐந்தில் மூன்று வலையில் பட்டன என்று ஆசிரியர் காரணம் சொன்னார்.

பிள்ளை அன்றிரவு சாப்பிடவில்லை. "நான் உனக்குச் சொன்னனான் தானே" என்று தாய் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே பாடசாலைக்குப் போனார். "அணியில எடுக்காட்டிலும் பயிற்சிக்கு வரலாமோ சேர்?" என்று கேட்டார். வரலாம் என்றார் ஆசிரியர். மூன்று வாரத்துக்கு முன் கையெழுத்திட மறுத்த அதே தாய்தான்.

2024இல் அவள் மீண்டும் தெரிவுக்குப் போனாள். சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்பு என்பதால், வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, மற்ற நாட்கள் படிப்பு என்று இருவரும் நேர அட்டவணை போட்டிருந்தார்கள். இம்முறை 12 பேரில் அவள் இருந்தாள். கோட்ட மட்டப் போட்டிக்குப் போய் முதற் சுற்றிலேயே தோற்று வந்தார்கள்.

"தோத்துப்போட்டினம் மிஸ்" என்று அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஆனால் சொன்ன நேரத்துக்கு எல்லாப் பிள்ளையளும் வந்து சேர்ந்திட்டினம்."

அன்பான தாய்மாரே, உங்கள் வீட்டுக்கும் இப்படியொரு கடிதம் வரலாம். அதை அடுப்பில் வைக்கவும் வேண்டாம், வாசிக்காமல் ஒப்பமிடவும் வேண்டாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போய், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்திடுங்கள். பிறகு நேரமிருந்தால், முற்றத்தில் நின்று ஒரு பத்துப் பந்து எறிந்து கொடுங்கள்.