குளத்துப் பாசி முதல் முற்றத்துத் தென்னை வரை

இடவப்பாதி மழை தொடங்கி ஒரு வாரம் ஆனால் போதும், திருவனந்தபுரத்து மதில்சுவர்கள் எல்லாம் பச்சைப் பட்டு போர்த்திக்கொள்ளும். ஒருநாள் என் பேரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல ஏன் பூவே வரல?” என்று கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

நீரை விட்டு நிலத்திற்கு

இன்றைய நிலத்தாவரங்கள் அனைத்தும் நன்னீரில் வாழ்ந்த பச்சைப் பாசிகளின் வழியில் வந்தவை என்பது அறிவியலார் முடிவு. நீருக்குள் இருந்தவரை அவற்றுக்குக் கவலை இல்லை. கரையேறியதும் மூன்று தொல்லைகள் வந்தன. வெயிலில் உடல் உலரும். தாங்கிப் பிடிக்க நீர் இல்லாததால் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆண் அணு பெண் அணுவிடம் நீந்திச் செல்ல வழி இல்லை.

முதல் தொல்லைக்கு மருந்து, மெழுகு. சத்யைக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கும்போது துளிகள் உருண்டு ஓடுவதைப் பார்க்கிறோமே, அது இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சின் வேலை. மூச்சு விடுவதற்கு இலைத்துளைகள் உண்டு; தேவைக்கேற்ப அவை திறந்து மூடும்.

இரண்டாவதற்கு வேரும், நீரை மேலேற்றும் குழாய்களும், உறுதியான நாரும் தோன்றின. இந்த உறுதி எங்கே இருக்கிறது என்று நம் முன்னோரும் கவனித்தார்கள். புறத்தே வயிரம் உள்ளதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னை மரமல்ல, புல்! இன்றைய தாவரவியலும் தென்னையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பிரிவில்தான் வைக்கிறது.

நீந்த வேண்டாத வழி

மூன்றாவது தொல்லைதான் பெரியது. மதிலில் படர்வதை நாம் பாசி என்று சொன்னாலும் அது மாஸ் என்னும் நிலத்தாவரம். அதன் ஆண் அணு இன்றும் மழைநீரில் நீந்தியே பெண் அணுவை அடைகிறது. பெரணியும் அப்படியே. மலையாளத்தில் ஈந்து என்னும் சைக்கஸ் மரம் மகரந்தத்தைக் கண்டுகொண்டது. எனினும் அதன் ஆண் அணு கடைசிச் சிறு தூரத்தை நீந்தித்தான் கடக்கிறது. பழக்கம் லேசில் போகுமா?

பூக்கும் தாவரம் அந்தப் பழக்கத்தை முற்றிலும் விட்டது. மகரந்தத்தூள் சூலகமுடியில் விழுந்ததும் ஒரு குழாய் வளர்ந்து, ஆண் அணுக்களைச் சூலிடமே கொண்டு சேர்க்கிறது. வருவது இரண்டு அணுக்கள். ஒன்று முட்டையுடன் கலந்து கருவாகும். மற்றது அந்தக் கருவுக்கு உணவாகும் திசுவை உண்டாக்கும். இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலார் கண்டறிந்தார்.

இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு தேங்காய் போதும். நாம் குடிக்கும் இளநீரும் தின்னும் பருப்பும் அந்த உணவுத் திசுவே. கரு மெத்தென்ற கண்ணுக்கு அடியில் சிறு முளையாக இருக்கும். முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுபோல இனிக்கும் “தேங்காய்ப் பூ” உண்மையில் பூவல்ல. உணவை உறிஞ்சிக் குருத்துக்குக் கொடுக்கும் வித்திலைப் பகுதி. தாய் கட்டிக்கொடுத்த சோற்றைப் பிள்ளை வழியில் உண்பதுபோல!

நமக்கு என்ன?

பூக்கும் தாவரங்கள் இன்று ஏறத்தாழ 3 லட்சம் வகை. அரிசி, பருப்பு, வாழை, பருத்தி, தேயிலை எல்லாம் அவற்றின் கொடை. உலகின் முக்கியப் பயிர் வகைகளில் முக்கால் பங்கு, ஓரளவேனும் தேனீ முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையை நம்பி நிற்கின்றன. தேனீ போனால் நம் பந்தியில் பல கறிகள் குறையும்.

மருந்தும் அப்படியே. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலார் களைத்துப்போனபோது, வழிகாட்டிய காணி மக்கள் ஒரு சிறு செடியின் கனியை உண்ணக் கொடுத்தார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கியது. அதற்கென 1997-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. ஆனால் காட்டிலிருந்து செடியைப் பறிப்பதில் வனத்துறையோடு சிக்கல் எழுந்தது. அறிந்தவரும் செடியும் ஒருங்கே பிழைத்தால்தான் அறிவு பிழைக்கும் என்பது இதில் நாம் கற்கும் பாடம்.

ஐந்து திணைகளுக்கும் பூவின் பெயர் வைத்த இனம் நாம். ஓணத்திற்குத் தோவாளைப் பூவைச் சாலைக் கடையில் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பூக்களின் பெயராவது தெரிய வேண்டாமா? விடுமுறையில் ஒருநாள் அவர்களைப் பாலோட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் வீட்டிலேயே ஒரு தேங்காயை முளைக்க வையுங்கள். என் பேரன் வைத்த தேங்காயில் இப்போது இரண்டு குருத்து வந்திருக்கிறது. “இது எப்போ பூக்கும், தாத்தா?” என்று தினமும் கேட்கிறான். ஐந்தாறு வருஷம் ஆகும், பொறுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறேன்.