எழுத்து மாறினால் ஏடு அழியுமோ?

விடுதி அறைகளுக்கு எண் இடப்பட்டிருத்தலை நாம் அறிவோம். ஏழாம் எண் பலகையைக் கழற்றி வேறோர் அறையில் மாட்டிவிட்டால், அவ்வறையில் வாழ்ந்த மாணவனும் அவன் பெட்டியும் மறைந்துபோவதில்லை; அவனைத் தேடி வருவோரே வழி தவறுவர். பழைய வீட்டுக் கணிப்பொறிகளில் நேரும் டிரைவ் எழுத்துக் குழப்பமும் இத்தகையதே.

இவ்வெழுத்துக்கள் வந்த வரலாற்றை முதற்கண் நோக்குவோம். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரில், பிளாப்பித் தட்டுக்களை இடும் இரு டிரைவ்களுக்கு ஏ, பி என்னும் எழுத்துக்கள் உரியனவாயின. 1983-இல் வந்த எக்ஸ்.டி. என்னும் பொறியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் அமைந்தபோது, அதற்குச் சி என்னும் எழுத்து வாய்த்தது. பின் வந்தவை டி, ஈ, எஃப் என வரிசையில் நின்றன. எழுத்துக்களோ 26 மட்டுமே.

எம்.எஸ்.-டாஸ் முறையில், ஒவ்வொரு டிஸ்கின் முதன்மைப் பகுதிக்கும் எழுத்தளித்த பின்னரே ஏனைய பகுதிகளுக்கு எழுத்து அளிக்கப்பட்டது. ஆதலின், சி, டி என இரு பகுதிகளுடைய டிஸ்கோடு முதன்மைப் பகுதியுடைய புதிய டிஸ்க் ஒன்றை இணைத்தால், டி என்பது புதியதற்குப் போய்விடும். பழைய டி, ஈ ஆகிவிடும். டி-யை நாடிய புரோகிராம்கள் தம் பைல்களைக் காணாது திகைத்து நிற்கும்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஒருமுறை அளித்த எழுத்தை நினைவில் இருத்தும் இயல்புடையது. எனினும் அதிலும் ஒரு குறையுண்டு. நெட்வொர்க் வழியாக வேறொரு பொறியின் போல்டருக்கு எஃப் என்னும் எழுத்தை நாம் அளித்திருப்பின், அதனைக் கருதாமலே, புதிதாகச் செருகிய பென் டிரைவுக்கும் அவ்வெழுத்தையே அது வழங்கிவிடக்கூடும். அப்போது நெட்வொர்க் போல்டர் மட்டுமே கண்ணுக்குப் புலனாகும். பென் டிரைவ் மறைந்தே இருக்கும். பல மாதங்கள் உழைத்து எழுதிய ஆய்வேடு அழிந்ததென்று அஞ்சி, ஃபார்மட் செய்ய முற்படுவோர் உளர். அழியாத ஏட்டை அவ்வச்சமே அழித்துவிடுகின்றது.

இதனைத் தீர்க்கும் வழி எளிது. நிர்வாக உரிமையுடைய கணக்கில் நுழைந்து, மை கம்ப்யூட்டர் மீது மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி, மேனேஜ் என்பதையும், அதனுள் டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்பதையும் திறத்தல் வேண்டும். மறைந்த பென் டிரைவ் அங்கே தோன்றும். அதன் மீது மீண்டும் வலப்பொத்தானை அழுத்தி, சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ் என்பதைத் தேர்ந்து, எவரும் கொள்ளாத எழுத்தொன்றை, வரிசையின் கடைப்பகுதியிலிருந்து அளித்தால் போதும். உள்ளிருக்கும் பைல்களுக்கு யாதொரு தீங்கும் நேராது.

இரண்டு எச்சரிக்கைகள் உள. புரோகிராம்கள் நிறுவப்பட்ட பகுதியின் எழுத்தை மாற்றலாகாது. மாற்றின், அவை தம் இருப்பிடம் அறியாது தடுமாறும். ஃபார்மட் என்னும் சொல் திரையில் எங்குத் தோன்றினும், காரணம் தெளியுமுன் அதனைத் தொடலாகாது.

மாணவ நண்பர்காள்! எழுத்து பெயர்ப்பலகையே, பொருள் அதன் பின்னே இருக்கின்றது. பொருளைக் காணோமென்று கலங்குமுன், பலகையைச் சற்று நோக்குவோமாக.