ஊட்டி பறவை வேற, கொடைக்கானல் பறவை வேற: பறவை போட்டோவுக்குப் பெயர் போடுவதில் இவ்வளவு சிக்கலா?

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்ததும் ஆர்வலர்களின் போனிலும் கேமராவிலும் போட்டோக்கள் குவிந்து கிடக்கும். அவற்றை ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட், விக்கிமீடியா காமன்ஸ் மாதிரியான இணையத் தொகுப்புகளில் ஏற்றும்போது "இது என்ன பறவை?" என்ற கட்டம் வரும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'கொக்கு', 'ஏதோ பருந்து', 'நீலக்குருவி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பெயர் கொஞ்சம் மாறினால் என்ன ஆகிவிடப் போகிறது? சோலைக்கிளியின் கதையைப் பார்த்தால் புரியும்.

சோலைக்கிளி யார்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் இருக்கும் சோலைக்காடுகளில் மட்டும் வாழும் சின்னஞ்சிறு நீலப் பறவை இது. பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி கிடையாது. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. அறிவியல் பெயரிலும் சோலை இருக்கிறது: ஷோலிகோலா, அதாவது சோலையில் வாழ்வது.

ஊட்டியில் பார்ப்பதும் கொடைக்கானலில் பார்ப்பதும் ஒரே பறவைதான் என்று பல பத்தாண்டுகளாக நினைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து 'வொயிட் பெல்லிட் ஷார்ட்விங்' என்று ஒரே பெயர். ஆனால் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மலைத்தொடர் சட்டென்று அறுபட்டு, 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்வாகக் கிடக்கும் இடம். குளிர்ந்த உச்சியை விட்டு இறங்காத பறவைக்கு இது கடல் மாதிரி. இரு பக்கமும் தனித்தனியாகவே வாழ்ந்து, இரண்டும் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. மரபணு ஆய்வுகளும் அதையே காட்டின. 2017-ல் வெளியான ஆய்வில்தான் ஷோலிகோலா என்ற புதிய பேரினப் பெயரும் வந்தது.

இப்போது கணவாய்க்கு வடக்கே இருப்பது நீலகிரி சோலைக்கிளி. இதற்கு வயிற்றின் இரு பக்கமும் செம்பழுப்பு நிறம். தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பக்கம் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இதற்கு அந்தச் செம்பழுப்பு கிடையாது.

சிக்கல் எங்கே வருகிறது?

பழைய பெயரிலும் 'வெண்வயிறு' இருக்கிறது, புதிய பெயர்களில் ஒன்றிலும் 'வெண்வயிறு' இருக்கிறது. ஊட்டியில் எடுத்த பழைய போட்டோவை ஒருவர் நல்ல எண்ணத்தோடு 'அப்டேட்' செய்கிறேன் என்று வெண்வயிற்றுச் சோலைக்கிளி என மாற்றினால், கொடைக்கானல் பறவை ஊட்டியில் முளைத்துவிடும்! நீலகிரி பறவைக்கு ஒரு பதிவு குறைந்துவிடும். ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி அழியும் ஆபத்தில் உள்ள இனம். தெற்கே உள்ளதற்கு ஆபத்து அதைவிட ஒரு படி குறைவு. எது எங்கே எஞ்சியிருக்கிறது என்று பார்க்க உதவும் ஆதாரங்களில் இந்தப் போட்டோக்களும் சேர்த்தி. அதனால் ஒரு தவறான லேபிளைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

ஈபேர்டில் ஒரு வசதி உண்டு. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்தால், போட்டோ எடுத்த இடத்தைப் பார்த்துப் பழைய பதிவுகளை அந்தத் தளமே புதிய பெயருக்கு மாற்றிவிடும். இடத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாத பதிவுகள் 'இதுவோ அதுவோ' என்ற பொதுப் பெயரில் போய் நிற்கும். வெறும் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று குறித்த போட்டோவை யாராலும் இப்படி எளிதாக மாற்ற முடியாது. பெயர் தப்பாக இருந்தாலும் இடமும் தேதியும் சரியாக இருந்தால் அந்தப் போட்டோ பிழைத்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர் போட்டால் போதாதா?

போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. செம்போத்து, செண்பகம், குக்கில் எல்லாம் ஒரே பறவைதான். மூன்று பேர் மூன்று பெயரில் ஏற்றினால், தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கண்ணில் படும். பருந்து விஷயத்தில் நேர் எதிர். கரும்பருந்தையும் செம்பருந்தையும் ஊரில் பருந்து என்றே சொல்லிவிடுகிறோம். குயிலில் இன்னொரு வேடிக்கை. ஆண் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. இரண்டையும் தனித்தனிப் பறவையாக ஏற்றி வைத்திருப்பவர்கள் நிறைய.

இதனால்தான் தமிழ்ப் பெயரோடு இலத்தீன் எழுத்தில் அறிவியல் பெயரும் கேட்கிறார்கள். அதுவும் அவ்வப்போது மாறும். உலக அளவில் ஆளுக்கொரு பறவைப் பட்டியல் வைத்திருந்த நிலையை மாற்ற, 2025 ஜூனில் ஏவிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியல் வந்தது. அதன் முதல் பதிப்பில் 11,131 இனங்கள். ஃபேஸ்புக்கிலோ சொந்த ஆல்பத்திலோ நாம் டைப் செய்து வைத்த பெயர் தானாக மாறாது. எந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து எழுதினோம் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை குறித்து வைத்தால் பின்னால் திருத்துபவருக்கு வேலை மிச்சம்.

சந்தேகம் இருந்தால்?

அடித்துவிடக் கூடாது. வெள்ளைக் கொக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் காலில் மஞ்சள் விரல் தெரிந்தால் சின்னக் கொக்கு. வாய்ப்பிளவுக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இடைக்கொக்கு. கால் தண்ணீருக்குள், தலை இறகுக்குள் என்றால் 'கொக்கு இனம்' என்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. அதற்கும் இந்தத் தளங்களில் இடம் இருக்கிறது. மெர்லின் மாதிரி ஆப்கள் சொல்லும் பெயரை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆப் பாடம் படிப்பதே நம்மைப் போன்றவர்கள் பெயர் போட்டு ஏற்றிய போட்டோக்களில்தான்.

இன்னொன்று. நண்பர் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றுகிறீர்களா? சாதாரணமாக அனுப்பினால் போட்டோவுக்குள் பதிந்திருக்கும் தேதி, இட விவரம் காணாமல் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டில் இருக்கும் அரிய பறவை என்றால் மட்டும் துல்லியமான இடத்தை எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டாம். வேட்டைக்காரர்களும் கூட்டமாகக் கிளம்பும் போட்டோகிராபர்களும் அதைத்தான் தேடுவார்கள். மாவட்டம் வரை குறித்துவிட்டு, சரியான இடத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம்.