புதுப்பேட்டை டர்போவும் ஒரகடத்துப் பாடமும்

வண்டலூரிலிருந்து கிழக்கே கேளம்பாக்கம் சாலை வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனால், பையனூரில் டர்போ தயாரிக்கும் ஆலையே இருக்கிறது. மேற்கே வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம். 2010-இல் ரெனோ, நிசான் நிறுவனங்கள் கூட்டாகத் திறந்த கார் தொழிற்சாலை அங்கேதான். அங்கு தயாராகும் நிசான் மேக்னைட் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர். டர்போ இல்லாத வகைக்கு 72 குதிரைத்திறன், டர்போ வகைக்கு 100. இழுவிசை 96 நியூட்டன் மீட்டரிலிருந்து 160-க்குத் தாவுகிறது. இந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு ஓர் ஆசை வருவது இயல்பு: நம் பழைய காருக்கும் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் ஒரு டர்போ வாங்கி மாட்டினால் என்ன? அந்த ஆசைக்கான பதிலும் அதே காருக்குள் இருக்கிறது. மேக்னைட்டின் இரண்டு வகைகளும் ஒரே எஞ்சின் அல்ல. கொள்ளளவு இரண்டிலும் 999 சிசிதான். ஆனால் சிலிண்டரின் விட்டம் ஒன்றில் 71 மில்லிமீட்டர், மற்றதில் 72.2. டர்போ எஞ்சினின் சிலிண்டர் சுவருக்குக் கண்ணாடிபோல் வழவழப்பான தனிப் பூச்சும் உண்டு. டர்போ வேண்டும் என்றதும் பொறியாளர்கள் இருந்த எஞ்சினில் அதை மாட்டவில்லை, வேறு எஞ்சினையே எடுத்து வைத்தார்கள். கையில் ஆய்வுக்கூடமும் பணமும் உள்ளவர்களே தொடாத குறுக்கு வழியில் பட்டறை வெற்றி பெறும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற டர்போவின் தத்துவம் எளிது. எரிந்த புகை சைலன்சர் வழியே வீணாகப் போகும்போது ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், சக்தி கூடும். சிக்கல், அமுக்கிய காற்று சூடாகும் என்பதில் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கத்திரி வெயிலில் பெருங்களத்தூர் நெரிசலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்றை வளிமண்டல அழுத்தத்தைவிடப் பாதி மடங்கு கூடுதலாக அமுக்குவதாக வைத்துக்கொள்வோம். அமுக்கும் சக்கரத்தின் செயல்திறன் 65 சதவீதம் என்றால், வெளிவரும் காற்று ஏறக்குறைய 100 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரியும் அல்லவா? ஆகவே 50 சதவீதம் கூடுதல் காற்று என்று நினைத்தது 26 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிட மோசம், அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேரும்முன்பே ஆங்காங்கே தானாகவே வெடிப்பது. மெக்கானிக்குகள் ‘எஞ்சின் தட்டுது’ என்பார்களே, அதுதான். சில நிமிடத் தட்டலே பிஸ்டனை உடைக்கவும் ஹெட் கேஸ்கெட்டைப் பொசுக்கவும் போதும்.

இதைப் பெரிய நிறுவனமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் 1962-இல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25, டர்போவுக்கு அது மிக அதிகம். தட்டலைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்ச வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் நிறுவனமே பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. நம் சாலைகளில் ஓடும் டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அமுக்க விகிதம் இதற்குச் சமம், அல்லது இதைவிடவும் கூடுதல்.

இப்போதைய இ20 பெட்ரோலின் ஆக்டேன் எண் கூடியிருக்கிறதே, அது தட்டலைத் தாங்காதா என்று கேட்கலாம். ஓரளவு தாங்கும், மறுக்கவில்லை. அழுத்தத்தைக் குறைவாக வைத்து, இன்டர்கூலர் போட்டு, பெரிய இன்ஜெக்டர் மாற்றி, எஞ்சின் கணினியைப் புதிதாக நிரல்படுத்தினால் வண்டி ஓடவும் செய்யும். ஆனால் அப்போது செலவில் டர்போவின் விலை சின்னப் பங்காகிவிடும். குறைந்த செலவில் முடியும் என்ற பேச்சுக்கே இடமில்லை. மலிவுக்காக டீசல் காரிலிருந்து கழற்றிய பழைய டர்போவை வாங்கினால் வேறொரு தொல்லை. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடு அதிகம், முழு வேகத்தில் 900 டிகிரியைத் தாண்டும். டீசல் வெப்பத்துக்கென்று வார்த்த இரும்பு அதில் விரிசல் விடலாம். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுழலும் அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. முன்பிருந்தவர் ஆயிலை ஒழுங்காக மாற்றினாரா என்பது கடைக்காரருக்கும் தெரியாது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ‘மின்சார டர்போ’ விசிறிகளை ஒரு வரியில் தள்ளிவிடலாம்: 1.2 லிட்டர் எஞ்சினுக்கு மேலே சொன்ன அளவு காற்றை அமுக்க ஏறக்குறைய 4 கிலோவாட் வேண்டும், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை எடுக்க 300 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும்.

பந்தயக்காரர்கள் செய்கிறார்களே என்பார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓடும் எஞ்சின் அடிக்கடி பிரித்துக் கோர்க்கப்படுவது. தினமும் தாம்பரத்துக்கு வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு அந்த வாழ்க்கை கட்டாது. காஸ் கிட் மாட்ட அனுமதி உண்டே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கிட் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது, மாட்டியபின் ஆர்.சி. புத்தகத்திலும் ஏறுவது. தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டியில் பிக்கப் இல்லை என்று தோன்றினால், டர்போ தேடும் முன் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் மூன்றையும் பாருங்கள். சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை அளக்கச் சொல்லுங்கள். அதிலும் குறை இல்லை, வேகம்தான் வேண்டும் என்றால், தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த பழைய கார் ஒன்றை வாங்குவதே மலிவு.