பள்ளிக்கூடமும் நம் சங்கமே

கோடை விடுமுறை கழிந்து தொடக்கப் பள்ளியின் மணி ஒலிக்கும் நாளில், ஒரே நிறச் சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர் நம் தெருக்களில் சாரி சாரியாகச் செல்வதைக் காண்கிறோம். அந்தச் சீருடைத் துணி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்கு விலையின்றி அளிக்கப்படும் சீருடைக்குரிய துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருகின்றன. மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் அதனைத் தைத்துத் தருகின்றன. 2012-ஆம் ஆண்டு முதல் எட்டாம் வகுப்பு வரையிலும் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு நான்கு இணை உடைகள் என்று இத்திட்டம் விரிந்தது.

நம் தறியின் துணி தவறாமல் பள்ளிக்குப் போகிறது. நம் வீட்டுப் பிள்ளை தவறாமல் போகிறதா? இதுவே இந்த இதழில் அங்கத்தினர்கள் முன் நாம் வைக்க விரும்பும் கேள்வி.

தறிக்கும் பள்ளிக்கும் நடுவே

கேள்வி கசப்பானதுதான். ஆயினும் நமக்குள் ஒளிவு மறைவு வேண்டியதில்லை. தறியில் பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நாளில் வீட்டில் எத்தனை கைகள் இருந்தாலும் போதுவதில்லை. தார் சுற்ற ஆள் இல்லாவிட்டால் நெய்பவர் கை நின்றுவிடும். கை நின்றால் கூலியும் நிற்கும். வேளாண் குடும்பங்களிலோ கடலை பறிக்கும் காலமும் பருத்தி எடுக்கும் காலமும் பள்ளிக் காலத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. "இன்று ஒரு நாள் தானே" என்று பிள்ளையை நிறுத்திக்கொள்கிறோம். அந்த ஒரு நாள் மூன்றாகிறது. மூன்று நாள் ஒரு வாரமாகிறது. திரும்பிச் செல்லும் குழந்தை வகுத்தல் கணக்கின் நடுவில் போய் உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல் விழிக்கிறது. விளங்காத இடத்துக்குப் போக எந்தக் குழந்தைதான் விரும்பும்? அப்புறம் தாமே நிறுத்தியதை மறந்து, "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று பெற்றோர் கூறிவிடுகின்றனர்.

இதனைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. வறுமையும் முன்பணக் கடனும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆனால் கடன் தீரும். தவறிப் போன தொடக்கக் கல்வி பிற்காலத்தில் எளிதில் மீள்வதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. குடும்பத் தொழிலுக்குக் குழந்தை உதவுவதையுங்கூடப் பள்ளி நேரத்துக்கு வெளியிலும் விடுமுறையிலும், தீங்கற்ற வேலைகளுக்கு மட்டுமே அது அனுமதித்தது.

"தறிவேலை கைவர வேண்டுமானால் சிறு வயதிலேயே உட்கார வேண்டாமா?" என்று மூத்தவர்கள் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி புதிதன்று. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகளில் இடம் போதாமைக்கும் அது பரிகாரம் என்பது அவர் தரப்பு. பிறந்த குலத்தின் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் குலக்கல்வி அது என்று நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. 1954-ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது. அன்று முடிந்த அந்த வழக்கை, நாம் நம் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் மறுபடி திறக்கலாகாது. தொழிலைப் பிள்ளை விரும்பிக் கற்கட்டும்; வேறு வழியின்றிக் கற்க வேண்டாம்.

ஊரார் ஊட்டிய உணவு

பள்ளிக்கூடம் குடும்பத்துக்குத் துணை நின்ற வரலாறு நம் நாட்டில் நூறாண்டைக் கடந்தது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் நெசவுத் தொழில் மரபில் வந்த ஒருவர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1920-ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! பசியோடு வரும் பிள்ளையின் காதில் பாடம் ஏறாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். அன்றைய ஆட்சியாளர் செலவுக்கு இசையாமையால் 1925-ஆம் ஆண்டில் அத்திட்டம் தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடர்ந்தது.

அதன்பின் 1956-ஆம் ஆண்டில் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அதற்கு ஆதரவு திரட்டினார். முதலில் ஊராரின் நன்கொடையைக் கொண்டே அடுப்பு எரிந்தது. 1957-ஆம் ஆண்டில் அரசு கைகொடுத்தபோதும், செலவில் பத்தில் ஆறு பங்கு அரசினுடையது, நான்கு பங்கு ஊராருடையது என்றே ஏற்பாடாயிற்று. களத்தில் நெல் அளந்தவர் ஒரு மரக்கால் தந்தார். காய்கறி விளைவித்தவர் ஒரு கூடை தந்தார். 1958-ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் தொடங்கிப் பல இடங்களில் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதுவே நடந்தது. ஊரார் கூடித் தம் பள்ளிக்கு வேண்டிய நிலம், கட்டடம், நாற்காலி, கரும்பலகை ஆகியவற்றைத் தாமே கொடுத்தனர். கூட்டுறவு என்ற சொல்லை அன்று அவர்கள் உச்சரித்தார்களோ என்னவோ, அவர்கள் செய்தது கூட்டுறவுதான்.

1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் ஊரகங்களில் தொடங்கியது. 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவருக்கும் விரிந்தது. 1989 முதல் உணவோடு முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்குப் பரவியது. 2024-இல் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அவ்வுணவைச் சமைக்க மகளிர் சுய உதவிக் குழுவினரே பொறுப்பேற்றனர். ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை.

ஆகவே ஒரு நாள் பிள்ளையைத் தறியருகே நிறுத்திக்கொள்ளும் பெற்றோர், பாடத்தை மட்டும் அன்றி, பிள்ளைக்குரிய உணவையும் இழக்கச் செய்கின்றனர். சங்கக் கணக்கில் பற்று வரவு பார்ப்பதுபோல் இதனையும் ஒரு முறை பார்க்கலாம். வரவில் நிற்பது சில தார்கள். பற்றில் நிற்பவை இரண்டு வேளை உணவும் ஒரு நாள் பாடமும்.

காலியாக இருக்கும் நாற்காலிகள்

அன்று நன்கொடையாளராக இருந்த ஊராரை, கல்வி உரிமைச் சட்டம் நிர்வாகிகளாகவே ஆக்கியது. அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும்; அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும்; உறுப்பினரில் சரிபாதி பெண்கள்; நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் உண்டு. பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், வந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பதும், ஆசிரியர் வருகையையும் பிள்ளைகள் வருகையையும் கவனிப்பதும் அதன் கடமைகள். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் மீண்டும் அமைந்தபோது முன்னாள் மாணவருக்கும் இடம் தரப்பட்டது.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சங்கத்தில் பங்குத்தொகை கட்டி அங்கத்தினர் ஆனோம். பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து அங்கத்தினர் ஆனோம். இங்கே ஆளுக்கு ஒரு வாக்கு; அங்கும் அவ்வாறே. ஆயினும் சங்கத் தேர்தலில் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் பள்ளிக் குழுவில் நாம் காட்டுவதில்லை.

கைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரின் தொடக்கப் பள்ளிக்கு நாம் சென்றிருந்தோம். பிற்பகல் மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். வந்திருந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்றே ஆசிரியர்கள் முதலில் கருதினர். உண்மை வேறு. பிற்பகல் மூன்று மணி தறியின் நேரம். எழுந்து வந்தால் அன்றைய முழம் குறையும். தலைமை ஆசிரியை சங்கச் செயலாளருடன் கலந்து பேசினார். துணியை ஒப்படைத்துக் கூலியும் நூலும் பெற எல்லாரும் சங்கத்துக்கு வரும் நாளில், சங்கத்தின் தாழ்வாரத்திலேயே கூட்டத்தை வைத்தார். தாழ்வாரம் நிறைந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி முதன்முதலாக ஒரு தாய் எழுந்து பேசியதும் அன்றுதான். நேரத்தையும் இடத்தையும் மாற்றியதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

பாடநூல், குறிப்பேடு, புத்தகப் பை, காலணி முதலியவை பள்ளி வழியே விலையின்றி வருவதை எல்லாரும் அறிவர். அறியாமையால் இழக்கப்படும் உதவிகளும் உள்ளன. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்துவிட்டால், அல்லது உழைக்க இயலாதபடி முடங்கிவிட்டால், அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளில் பயிலும் பிள்ளையின் படிப்புக்கென ஒரு தொகையை வைப்பீடு செய்யும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. 50,000 ரூபாயாக இருந்த அத்தொகை பின்னர் 75,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. துயரத்தில் இருக்கும் குடும்பம் இதனைத் தேடி அலையாது. அண்டை வீட்டாரும் சங்கத்தாரும்தான் தலைமை ஆசிரியரிடம் சென்று விண்ணப்பத்துக்கு வழி செய்ய வேண்டும். ஊரகப் பெண் குழந்தைகள் படிப்பைத் தொடர்வதற்கான ஊக்கத்தொகையும் உண்டு. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கும் சாதிச் சான்றும் இல்லாமையால் அதனை இழப்பவர் உள்ளனர். இவ்விரண்டையும் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே முடித்து வைத்தல் நலம்.

சங்கம் செய்யத்தக்கவை

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய முன்னோடிகளில் நெசவாளர்களும் இருந்தனர். அவர்கள் சில ஆண்டுகளிலேயே தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கடையின் மாடியில் நூல் நிலையம் வைத்தனர். கல்வி கூட்டுறவுக்குப் புறம்பானதன்று. அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

நாம் பெரிதாக ஒன்றும் தொடங்க வேண்டியதில்லை. மூன்று காரியங்கள் போதும். முதலாவது, மின்விசையால் தார் சுற்றும் இயந்திரம் ஒன்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைத்தால், பள்ளி நேரத்தில் பிள்ளையை நிறுத்துவதற்குரிய முதல் காரணமே அற்றுப்போகும். இரண்டாவது, ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை என்பதைத் தலைமை ஆசிரியர் சங்கச் செயலாளருக்குத் தெரிவிக்கட்டும். செயலாளர் அவ்வீட்டுக்குச் சென்று, அதிகாரம் செய்யாமல், என்ன இடர் என்று கேட்கட்டும். பாதி இடர்கள் கேட்டாலே தீர்ந்துவிடும். மீதியில் சிலவற்றுக்குச் சிறு கடன் தேவைப்படும். மூன்றாவது, துணைவிதிகள் இடம் தருமானால், பொதுநன்மைக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைப் பள்ளியின் குறைகளுக்குச் செலவிடலாம்.

வேளாண் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. பள்ளிச் சமையற்கூடத்துக்குக் கீரையும் முருங்கையும் கொடுப்பதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. காலையில் போகும் வழியில் ஒரு கட்டு இறக்கி வைத்தால் போதும்.

பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மெலியும். மெலிந்த பள்ளிக்கு ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைந்த பள்ளியில் பிள்ளைகள் மேலும் குறைவர். இழை அறுந்த பாவை அப்படியே விட்டு நெய்தால் குறை முழத்துக்கு முழம் பெருகும் என்பதை நமக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இடத்திலேயே நிறுத்தி முடிச்சிட வேண்டும். இம்மாதம் கூலி பெறும் நாளில், நம் தெருவில் பள்ளிக்குப் போகாத பிள்ளை எவர் என்ற ஒரு கேள்வியை ஒவ்வோர் அங்கத்தினரும் சங்கத்தில் கேட்குமாறு வேண்டுகிறோம்.