மாப்புக் கொடுப்பதற்கு முன்

சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ மோட்டார் சைக்கிளில் போனவரை ஒரு வான் அடித்துவிட்டால், அவரை வைத்தியசாலையில் சேர்த்த கையோடு ஊரில் சமாதானப் பேச்சு தொடங்கிவிடும். சாரதி தெரிந்த பொடியனாக இருப்பான், இல்லாவிட்டால் தெரிந்தவரின் மச்சான். "அல்லாஹ்ட கத்ர், அவன் வேணுமெண்டா செஞ்சான்?" என்பார்கள். ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டோம் என்று பொலிஸில் எழுதியும் வாங்கிவிடுவார்கள். முறிந்த கால் அடுத்த போகத்துக்கு வயலில் இறங்குமா என்று அன்றைக்கு டாக்டராலும் சொல்ல முடியாது. பிறகு வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான்.

மன்னிப்பது பெரிய குணம். ஆனால் தவறுதலாக ஓர் உயிர் போனாலும் குடும்பத்துக்குத் தியத் என்னும் உயிரிழப்பு நட்டஈட்டைக் கொடுக்க வேண்டும் என்று சூரத்துன்னிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. விட்டுக்கொடுப்பதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம். வாப்பாவை இழந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை ஊர்ப் பெரியவர்கள் தாராளமாக விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"கேட்டால் அந்தப் பொடியன் அழிஞ்சிருவான்" என்ற பேச்சும் பெரும்பாலும் சரியில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் வீதிக்கு வரக்கூடாது. காயத்துக்கும் மரணத்துக்கும் நீதிமன்றம் தீர்க்கும் நட்டஈட்டை அந்தக் காப்புறுதிக் கம்பனி கட்ட வேண்டும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு ஏழு நாட்களுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். அது தவறினால் கம்பனி கைகழுவிவிடலாம். ஆகவே வாகன இலக்கத்தையும் காப்புறுதி விபரத்தையும் பொலிஸில் முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போவது. காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவானும் கட்டளையிடலாம். ஆனால் இழந்த உழைப்பு, இனிமேல் இழக்கப்போகும் உழைப்பு, பட்ட வேதனை எல்லாவற்றையும் கணக்கெடுத்துக் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். அதற்கு விபத்து நடந்து இரண்டு வருடம்தான் தவணை. பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து அந்தத் தவணையைத் தவற விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கமும் பிழை இருந்தால் தொகை அந்தளவுக்குக் குறையும். அதனால் உரிமையே இல்லாமல் போகாது.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் நம் கையில் பில் இருக்காது. செலவைவிட உழைப்பு நின்றதுதான் பெரிய இழப்பு, அதைக் காட்டத்தான் ஆதாரம் வேண்டும். மருதமுனைத் தறிக்காரர் என்றால் முதலாளியின் கணக்குக் கொப்பி, மீனவர் என்றால் சம்மாட்டியின் கடிதம், ஓட்டோக்காரர் என்றால் லீசிங் கட்டிய துண்டு. சட்ட வைத்திய அதிகாரி பார்த்துக் காயங்களைப் பதிந்திருக்கிறாரா என்று வாட்டை விட்டு வருவதற்கு முன்பே கேளுங்கள். மரணம் என்றால் ஜனாஸாவைச் சீக்கிரம் எடுக்கும் அவசரம் இருக்கும், அது நியாயமானது. ஆனாலும் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் விபத்து நடந்த விதத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு எடுங்கள். மனைவி மக்கள் பிறகு வாழ்வாதார இழப்பைக் கேட்கும்போது அந்தப் பதிவு தேவைப்படும்.

வேலை நேரத்தில் அடிபட்டவருக்குத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடமும் வழி உண்டு. அடித்துவிட்டுப் போன வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பொலிஸ் முறைப்பாடு கட்டாயம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வசதி குறைந்தவர்களுக்காகவே அமைக்கப்பட்டது அது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைத் துண்டு, வருமானம் காட்டும் கடதாசி மூன்றையும் எடுத்துக்கொண்டு, எந்தச் சமாதானத் தாளிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு போங்கள்.